கடைவாயில் கட்டிய புற்று

வேலூரிலிருந்து தெற்கே கணியம்பாடி வழியாகப் போகும் சாலை, ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் அமிர்தியைத் தொடுகிறது. ஜவ்வாது மலையின் வடக்குச் சரிவு அங்கே தொடங்குகிறது. வனத்துறை 1967-ல் அமைத்த சின்ன உயிரியல் பூங்கா, மழை பெய்தால் உயிர்பெறும் அருவி, ஞாயிற்றுக்கிழமை சோற்று மூட்டையோடு வந்திறங்கும் வேலூர்க் குடும்பங்கள். வெளியூர்க்காரருக்கு அமிர்தி என்றால் இவ்வளவுதான். மேலே மலைக்குள் சாமையும் தினையும் விதைத்து, தேனும் புளியும் சேகரித்து இறக்குகிற மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் இருக்கின்றன. அவர்கள் இறங்கும் வழிக்கும் டவுன்காரர்கள் ஏறும் வழிக்கும் பொதுவானது பெட்டிக்கடை.

அப்படியொரு கடை வாசலில், பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கும் மூதாட்டி ஒருத்தி வெற்றிலை போடுவதை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், அதிலுள்ள கைவேலை புரியும். இடுப்பிலிருந்து சுருக்குப்பை வெளியே வருகிறது. வெற்றிலையைச் சேலையில் துடைத்து, காம்பையும் நுனியையும் கிள்ளிப் போட்டு, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, ஆள்காட்டி விரலால் சுண்ணாம்பைத் தடவுகிறாள். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பு தூணுக்குப் போகிறது. அந்தத் தூணில் அப்படிப் பல வருஷத்து வெள்ளைக் கோடுகள். பாக்கு முதலில் வாய்க்குள் போய் மசிகிறது, பின்னாலேயே மடித்த இலை. எச்சில் சிவந்ததும் ஒரு துண்டு புகையிலையைக் கிள்ளிப் போட்டு, நாக்காலேயே தள்ளி, இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குகிறாள். அதற்குப் பிறகு மெல்லுவதில்லை, அடக்கிக்கொள்வதுதான். பேச்சு, பேரம், காத்திருப்பு எல்லாம் உப்பிய அந்தக் கன்னத்தோடே நடக்கும். இப்படிப் போடுகிறவர்களில் சிலர் தூங்கும்போதும் அதைத் துப்புவதில்லை.

பேச்சுவழக்கில் கடைவாய் என்கிற அந்த இடுக்குதான் இந்தியாவில் வாய்ப்புற்று அதிகம் முளைக்கும் இடம். மேலை நாட்டுப் பாடப்புத்தகங்களில் வாய்ப்புற்று என்றால் நாக்கின் ஓரமும் நாக்கின் அடியும். நம் ஊரில் கன்னத்தின் உட்புறமும் கீழ் ஈறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் உதடு, வாய்ப் புற்று புதிதாகக் கண்டவர்கள் சுமார் 1,43,000 பேர். இறந்தவர்கள் சுமார் 80,000 பேர். உலகில் இந்த நோய் வருகிற மூவரில் ஒருவர் இங்கே இருக்கிறார்.

இரண்டு விரல் அகலமுள்ள அந்த இடுக்கை மருத்துவம் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. முதலில் கட்டியைப் பார்த்தார்கள். பிறகு கட்டியை உண்டாக்கிய பழக்கத்தைப் பார்த்தார்கள். கட்டியின் அக்கம்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கியது கடைசியில்தான். இந்தக் கதையின் முதல் பாதி தமிழ் பேசும் நிலத்தில் நடந்தது.

வெற்றிலை போடுவது தொன்மையான பழக்கம். சிலப்பதிகாரத்தில் மதுரை ஆயர் சேரியில் கண்ணகி சமைத்துப் பரிமாறுகிறாள். சாப்பாடு முடிந்ததும் கோவலனுக்கு வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அவன் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணிக் கழிமுகத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அவ்வூர் மக்கள் எந்நேரமும் ஓர் இலையை மென்றுகொண்டே இருப்பதைக் குறித்துவைத்தார். நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்றே நம்மிடம் பெயர். ஆனால் கண்ணகி கொடுத்த தாம்பூலத்திலும் மார்க்கோ போலோ பார்த்த தாம்பூலத்திலும் இல்லாத ஒன்று சுருக்குப்பைக்குள் பின்னால் நுழைந்தது. போர்ச்சுகீசியர் கப்பலில் அமெரிக்காவிலிருந்து வந்த புகையிலை. ஆயிரம் ஆண்டுப் பழக்கத்தின் மேல் நானூறு ஆண்டுப் பழக்கம் ஏறி உட்கார்ந்தது. வடாற்காட்டுப் பேச்சில் அது போயிலையாகி, வெத்தலை பாக்கோடு ஒட்டிப் பிறந்தது போலவே ஆகிவிட்டது.

இதை மருத்துவப் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தவர்கள் கத்தி பிடித்த கைகள். 1902-ல் சென்னைப் பெரியாஸ்பத்திரியின் அறுவை மருத்துவர் நிப்லாக், இந்தியாவில் புற்றுநோய் பற்றி இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் எழுதினார். இந்தியர்களுக்குப் புற்றுநோய் அரிது என்று ஐரோப்பிய டாக்டர்கள் பலர் நம்பிய காலம் அது. தெற்கே, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. 1838-ல் தொடங்கியது. அங்கே இந்த நம்பிக்கையால் நிற்கவே முடியவில்லை. 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரே ஆண்டில் நெய்யூரிலிருந்து இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. ஆர்தர் ஃபெல்ஸ் தென்னிந்திய வாய்ப்புற்றைப் பற்றி எழுதி, 209 அறுவைகளை அலசியிருந்தார். பென்டால் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளின் கணக்கைத் தொகுத்திருந்தார்.

மயக்க மருந்தென்றால் குளோரோஃபார்ம், ரத்தம் ஏற்ற வழியில்லை, ஆன்டிபயாட்டிக் என்ற சொல்லே பிறக்கவில்லை. அந்த நிலையில் கன்னத்தை வெட்டி, தாடையின் ஒரு பகுதியை எடுத்து, மீண்டும் தைத்த அறுவைகள் அவை. நோயாளிகளில் பனையேறிகளும் வயற்கூலிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இருந்திருப்பார்கள். அந்த வட்டாரத்தின் சனம் அதுதான்.

நெய்யூரின் அடுத்த பெரிய கட்டுரை 1933-ல் லான்செட்டில் வந்தது. எழுதியவர் அயன் ஆர் என்ற மருத்துவர். திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு போடுகிறவர்களின் வாய்ப்புற்று என்பதே தலைப்பு. காரணம், திசுவின் தன்மை, சிகிச்சை என மூன்றையும் ஒரே மூச்சில் பேசியது அது. கட்டி எங்கே இருக்கிறது என்று கேட்ட கேள்வி, வெற்றிலைச் சக்கையை எங்கே அடக்குகிறாய் என்ற கேள்வியாக மாறியது இந்தத் தலைமுறையில்தான்.

அதே ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த இன்னொரு மருத்துவரை மலையேறிகள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஹோவர்டு சாமர்வெல். 1922-ல் எவரெஸ்ட் பயணம் முடிந்து தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகள் காத்துக்கிடந்த நிலையைப் பார்த்து லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போனபோது, சுமார் 28,000 அடி உயரத்திலிருந்து இறங்கும் வழியில் தொண்டை அடைத்து மூச்சு நின்றது. நெஞ்சைத் தானே அழுத்தி இருமியதில், குளிரில் செத்துப்போன தொண்டையின் உள்தோல் பிய்ந்து வந்து விழுந்தது; அவர் பிழைத்தார். தன் தொண்டைத் தோலைத் தானே துப்பிய மனிதர், பிறகு எத்தனையோ பேரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைத் துறை இணைப் பேராசிரியராக வந்து 1961 வரை இருந்தார். ஐடா ஸ்கடர் 1900-ல் சிறிய மருந்தகமாகத் தொடங்கிய இடம் அது. நெய்யூரின் கைப்பழக்கம் இப்படித்தான் அமிர்திச் சாலையின் மறுமுனைக்கு வந்து சேர்ந்தது. கணியம்பாடி வட்டாரம் அந்தக் கல்லூரியின் சமூக நல மருத்துவத்துக்குப் பல பத்தாண்டுகளாகக் களமாக இருக்கிறது. மலையிலிருந்து இறங்குகிறவர்கள், முதல் பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்வதும் அதைத்தான்.

சென்னையில் கதை வேறு வேகத்தில் நகர்ந்தது. 1934-ல் பெரியாஸ்பத்திரி வளாகத்தில் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறந்தது. தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தனிப் புற்றுநோய் மருத்துவமனைக்காக அரசாங்கக் கதவுகளை ஆண்டுக்கணக்கில் தட்டினார். 1952 அக்டோபரில் அடையாறில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் இயங்கத் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதன் முதல் மருத்துவர்கள். இருவரும் சேர்ந்து வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1959-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சரில் வந்தது. அடையாறுக்குப் போய்வந்தவர்கள் கதிர்வீச்சுக்குத் தங்கள் பாட்டில் ஒரு பெயர் வைத்தார்கள். இன்றும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்கு ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் பேர். அறுவை என்றால் கத்தி, கதிர்வீச்சு என்றால் கரண்ட். இரண்டும் கட்டியைக் குறிவைத்தன.

கட்டி வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்ற கேள்வி, கடல் கடந்து கேட்கப்பட்டது. 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் ஒரு வினோதத்தைக் கண்டு எழுதினார். உள்தோல் வெளுத்து, பளிங்குபோல் இறுகி, வாய் திறக்கவே வரவில்லை. மறு ஆண்டே பம்பாயில் ஜோஷி அதே நோயை விவரித்து, தோலுக்கு அடியில் நார் படிகிறது என்ற பொருளில் பெயர் வைத்தார். தாம்பூலம் தமிழர்களோடு மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கும் கப்பலேறியிருந்தது. வாய்ப்புற்றும் கூடவே போயிருந்தது. இந்த இறுகிய வாய் பாக்கு தின்கிற இடமெல்லாம் தென்பட்டது.

இதைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொல்வார்கள். ஆரோக்கியமான வாயில் தாராளமாக நுழையும். இறுகிய வாயில் இரண்டு நுழைவதே கஷ்டம், முற்றினால் ஒன்று. காரச் சோறு எரியும், சீட்டி அடிக்க வராது, கன்னத்தைத் தொட்டால் உள்ளே கயிறு ஓடுவது போலிருக்கும். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற காரப்பொருள் திசுவின் நார் செல்களைத் தூண்டுகிறது. பாக்கிலிருந்து கசியும் செம்பு, நார்களை ஒன்றோடொன்று பின்னி இறுக்கும் நொதியை முடுக்குகிறது. சுண்ணாம்பின் காரம் பாக்கின் சாற்றோடு சேர்ந்து, மரபணுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் துணுக்குகளைக் கிளப்புகிறது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இத்தகைய நோயாளிகளை 17 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து 1985-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 7.6 பேருக்கு அது புற்றாக மாறியிருந்தது. புகையிலை கலந்த தாம்பூலம் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-லேயே சொன்னது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் உண்டாக்கும் என்று சொல்ல 2003 வரை ஆனது.

புற்று வருவதற்குப் பத்து இருபது வருஷம் முன்பே அந்த இடம் மாறிப்போயிருந்தது என்பதுதான் இதன் பொருள். நிலம் முதலில் கெட்டது, விதை பிறகு முளைத்தது. இங்கிருந்து கதை நோய் எதிர்ப்பு ஆற்றலுக்குள் நுழைகிறது.

கன்னத்திலிருந்து எடுத்த ஒரு சதைத் துணுக்கு, மெழுகில் உறைந்து, தலைமுடியைவிட மெல்லிய ஏடாகச் சீவப்பட்டு, கண்ணாடித் தகட்டில் நுண்ணோக்கியின் கீழ் வரும்போது இரண்டு நிறங்கள் தெரியும். ஊதாநீலச் சாயம் செல்களின் கருவைப் பிடிக்கும். இளஞ்சிவப்பு மற்றதையெல்லாம் பிடிக்கும். புற்றுச் செல்கள் தீவுதீவாகக் கீழே இறங்கியிருக்கும். சில தீவுகளின் நடுவில் வெங்காயத்தை நறுக்கினாற்போல் வட்டம் வட்டமாக இளஞ்சிவப்பு முத்துகள் இருக்கும். செல்கள் தோலாகக் கெட்டிப்பட முயன்று தவறிய இடங்கள் அவை. அதன்பின் கண் போகவேண்டியது தீவுகளுக்கு வெளியே. அங்கே சின்னச் சின்ன கரும்புள்ளிகள் கடுகு கொட்டினாற்போல் குவிந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளையணு, அதாவது உடம்பு அனுப்பிய படை. ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1863-லேயே கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் திரண்டிருப்பதைக் குறித்துவைத்தார். ஆறாத புண்ணிலிருந்து புற்று வருகிறது என்று அவர் யூகித்தார். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அந்தக் கடுகுப் புள்ளிகளை நோயியல் மருத்துவர்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்தார்கள்.

தமிழில் இந்த நோய்க்குப் புற்று என்று பெயர். மேற்கத்தியர்களுக்கு இது நண்டு. ஒரு கட்டியின் உள்ளமைப்பை விளக்க நண்டைவிடப் புற்றே பொருத்தமாக இருக்கிறது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்டது என்பார்கள். காயம் பட்ட இடத்தைச் செப்பனிட உடம்பு அனுப்புகிற செல்கள்தான் இங்கே கரையான். அவை நார் நெய்கின்றன, புது ரத்தக் குழாய் போடுகின்றன, அழுக்கை அள்ளுகின்றன. சாதாரணப் புண்ணில் வேலை முடிந்ததும் கலைந்துவிடும். தினமும் பத்து முறை அதே இடத்தில் சுண்ணாம்பும் பாக்கும் புகையிலையும் வந்து உட்காரும்போது அந்த வேலைக்கு முடிவே இல்லை. கட்டிமுடித்த வீட்டில் பிறகு வந்து குடியேறுவது யார் என்று கரையான் கேட்பதில்லை.

எந்தச் செல் என்ன செய்கிறது என்று பிரித்தறியும் வித்தை தாமதமாகவே வந்தது. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் புற்றுச் செல்களை முளையிலேயே தேடிக் கிள்ளுகின்றன என்ற கருத்தை 1950-களின் கடைசியில் ஃபிராங்க் பர்னெட்டும் லூயிஸ் தாமஸும் முன்வைத்தார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒன்றுக்கும் உதவாத சதை என்று நினைத்திருந்த தைமஸ் சுரப்பிதான் எதிர்ப்பு அணுக்களின் பள்ளிக்கூடம் என்று 1961-ல் ஜாக் மில்லர் காட்டினார். அங்கே தேறி வருகிறவை டி செல்கள். 1980-களில் திருவனந்தபுரத்தில் ஆய்வாளர்கள் வாய்ப்புற்று நோயாளிகளின் ரத்தத்தில் அந்த டி செல்களை வகை பிரித்து எண்ணத் தொடங்கியிருந்தார்கள். நெய்யூரிலிருந்து அதிக தூரமில்லை. அதே நோய், அதே வாய், கேள்விதான் இடம் மாறியிருந்தது.

அடுத்து வந்த இரண்டு கண்டுபிடிப்புகள் ஜப்பானில் நடந்தன. 1992-ல் கியோட்டோவில் தாசுகு ஹோன்ஜோவின் கூடம் டி செல்லின் மேல் பிடி-1 என்ற ஒரு புரதத்தைக் கண்டது. அது ஒரு பிரேக். சண்டை எல்லை மீறிச் சொந்த உடம்பையே கடிக்காமல் நிறுத்துவதற்கான ஏற்பாடு. 1995-ல் ஷிமோன் சகாகுச்சி, மற்ற டி செல்களை அடக்கிவைப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு தனி வகை டி செல்லைக் காட்டினார். ஊர்ச் சண்டையில் இருவரையும் பிடித்து விலக்கிவிடுகிற நாட்டாமை போன்றது அது. முதல் கண்டுபிடிப்புக்காக ஹோன்ஜோவும், இன்னொரு பிரேக்கைக் கண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனும் 2018-ல் நோபல் பெற்றார்கள். சகாகுச்சியும் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களும் 2025-ல் பெற்றார்கள்.

இவ்வளவும் தெரிந்தபின் அந்தக் கண்ணாடித் தகட்டைத் திரும்பப் பார்த்தால் கடுகுப் புள்ளிகளுக்குள் ஒரு நாடகம் ஓடுவது தெரிகிறது. கொல்லும் டி செல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. பல சமயம் கட்டியின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. நார்ச்சுவர் உள்ளே விடுவதில்லை. உள்ளே போனவை புற்றுச் செல்லை அடையாளம் கண்டு ஒரு ரசாயனத்தைக் கக்குகின்றன. அதையே அபாய மணியாக எடுத்துக்கொண்டு புற்றுச் செல் தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டுகிறது. அது நேராகப் போய் டி செல்லின் பிரேக்கை அழுத்துகிறது. படை இட்ட சத்தமே படையை நிறுத்துகிறது. சகாகுச்சியின் நாட்டாமைச் செல்கள் வேறு வந்து சமாதானம் பேசுகின்றன. அழுக்கை விழுங்கும் பெருவிழுங்கிச் செல்கள், சண்டைக்கோலத்திலிருந்து செப்பனிடும் கோலத்துக்கு மாறி, கட்டிக்கு ரத்தக் குழாய் போட்டுக் கொடுக்கின்றன. நாள்பட நாள்படக் கொல்லும் செல்கள் களைத்துப்போகின்றன. வாய்ப்புற்றுக் கட்டிகளில் எதிர்ப்பு அணுக்கள் நிறைய இருந்தும் பயன் குறைவாக இருப்பதற்குக் காரணம் இது.

இந்தியக் கட்டிகளுக்குள்ளேயே இன்னொரு சாட்சி கிடைத்தது. மேற்கு வங்காளம் கல்யாணியிலுள்ள உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் மும்பை டாடா நினைவு மையத்தின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து, ஈறும் கன்னமும் சேரும் இடத்துப் புற்றின் மரபணுக்களைப் படித்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டன. அடிக்கடி பழுதாகியிருந்தவற்றில் ஒன்று காஸ்பேஸ்-8 என்ற மரபணு. டி செல் வந்து “செத்துப் போ” என்று சைகை காட்டினால் அந்த உத்தரவைச் செல்லுக்குள் நிறைவேற்றுவது அதன் வேலை. கடைவாய்ப் புற்று பல நோயாளிகளில் அந்தக் கம்பியையே அறுத்துவைத்திருந்தது.

பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் 2016-ல் தலை, கழுத்துப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நிவோலுமாப் மருந்தைச் சோதித்த பன்னாட்டு ஆய்வில் 361 பேர் சேர்ந்திருந்தார்கள். ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் பழைய மருந்தில் நூற்றுக்கு 17, புதியதில் 36. ஆனால் கட்டி கண்கூடாகச் சுருங்கியது நூற்றுக்கு 13 பேருக்குத்தான். அக்கம்பக்கம் முழுவதும் கெட்டுக்கிடக்கும்போது ஒரு பிரேக்கை மட்டும் எடுத்துவிட்டால் வண்டி ஓடிவிடாது. விலையோ நம் ஊரில் நிலத்தை விற்றாலும் கட்டாது.

இந்த இடத்தில் டாடா நினைவு மருத்துவமனையின் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் குழுவினர் செய்தது இந்தியத்தனமான காரியம். நிவோலுமாபின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அவர்கள் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். டி செல்லின் மேலுள்ள பிரேக்குகளைப் பிடிக்க அவ்வளவே போதும் என்று ஆய்வகக் கணக்குகள் ஏற்கெனவே காட்டியிருந்தன. கூடவே மலிவான மூன்று மாத்திரைகள். 151 நோயாளிகள், எல்லோரும் குணமாகும் கட்டத்தைத் தாண்டியவர்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு 16. நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43. முடிவு 2022-ல் வெளியானது. இந்தியப் புற்றுநோய் மருத்துவர்கள் பலர் இப்போது இந்த அளவைத்தான் எழுதுகிறார்கள்.

இதற்கிடையில் கடைவாயில் இன்னொரு மாற்றம் நடந்துவிட்டது. 1970-களுக்குப் பிறகு காய்ந்த பாக்குத் தூள் சின்னப் பாக்கெட்டுகளில் அடைபட்டுக் கடைகளில் சரமாகத் தொங்கத் தொடங்கியது. பிறகு புகையிலையும் அதற்குள் சேர்ந்தது. இலை போனது. காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவுகிற நிதானமும் போனது. பாட்டி ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்ட வேலையைப் பேரன் ஐந்து நொடியில் முடித்தான். வாய் இறுகிப்போன இருபது வயதுப் பையன்கள் பல் ஆஸ்பத்திரிகளுக்கு வர ஆரம்பித்தார்கள். தமிழ்நாடு 2001-ல் குட்காவைத் தடை செய்தது. அந்தத் தடை நிலைக்கவில்லை; 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மறுபடி வந்தது.

மருந்துகளின் கதைக்குப் பக்கத்திலேயே, சத்தமில்லாமல், டார்ச்சின் கதையும் நடந்துவந்தது. 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் தொடங்கிய ஓர் ஆய்வில், ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பணியாளர்கள் டாக்டர்கள் அல்ல, பட்டதாரிகள். 2005-ல் லான்செட்டில் வந்த முடிவு, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. வெறும் கண்ணால் பார்த்ததன் பலன் அது. வெள்ளைத் தழும்பும் இறுகிய கன்னமும் தெரிகிற கட்டத்தில் எதிர்ப்பு அணுக்கள் இன்னும் முழுதாகத் தோற்றுப்போயிருப்பதில்லை.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுகளுக்கு வீடுதேடிப் போய் அழைக்கும் பரிசோதனைத் திட்டத்தை நான்கு மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கியது. ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி. கடைசிப் பெயர், ஃபெல்ஸும் பென்டாலும் ஆரும் கத்தி பிடித்த நெய்யூர் இருக்கும் மாவட்டம். அதற்கு முந்தைய இரண்டும் 2019 வரை வேலூர் மாவட்டத்துக்குள் இருந்தவை. ஜவ்வாது மலையின் மேற்குச் சரிவு திருப்பத்தூரில் இருக்கிறது.

அமிர்தி, வேலூரிலேயே தங்கிவிட்ட பக்கம். மாலை பஸ் வருகிற சத்தம் கேட்டதும் மூதாட்டி கன்னத்தில் அடக்கியிருந்ததை வேலியோரம் துப்பிவிட்டு, வாயைக் கொப்புளித்து, புளி மூட்டையைத் தூக்கிக்கொள்கிறாள். கடைக்காரர் வேடிக்கையாகத் தன் மூன்று விரலை அடுக்கிக் காட்டி, “பாட்டி, இது உன் வாய்க்குள்ள போவுதா பாரேன்” என்கிறார். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தன் விரல்களையே அடுக்கி நுழைத்துப் பார்க்கிறாள். இரண்டு போகிறது. மூன்றாவது உதட்டிலேயே நிற்கிறது.